‘வண்டிதான் நல்லா ஓடுதே!’

பழைய கார் ஒன்று கைமாறும்போது இன்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். டயர் எத்தனை ஆயிரம் ஓடியது, கிளட்ச் மாற்றியாயிற்றா, இன்சூரன்ஸ் இன்னும் எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பானெட்டைத் திறந்து ஆயிலைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஸ்டீயரிங்கின் நடுவில் மடிந்து கிடக்கும் ஏர்பேக்கைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. கோளாறான பாகத்தை மாற்றித் தரக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பதற்கு ரீகால் என்று பெயர். ‘இந்த வண்டிக்கு ஏர்பேக் ரீகால் வந்ததே, செய்தீர்களா?’ என்று யாராவது கேட்டுவிட்டால் வரும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் சர்வீஸுக்கு ஆள் பிடிக்கக் கடிதம் போடுகிறான் என்பார் ஒருவர். ரீகால் வந்தது என்று வெளியே தெரிந்தால் வண்டி விலை போகாது என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் அடியில் கிடப்பது மூன்றாவது பதில்தான்: ‘வண்டிதான் நல்லா ஓடுதே!’ ஓடுகிற வண்டி நல்ல வண்டி என்பது இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் ஓரளவு பொருந்துகிற அளவுகோல். ஏர்பேக்குக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதிலும் ஒரு பக்கம் வீராணம் ஏரியும் தெற்கே கொள்ளிடமும் கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த லால்பேட்டை போன்ற ஊரில் அந்த அளவுகோலை நம்புவது ஆபத்து.

பிரேக் தேய்ந்தால் கிரீச்சிடும். இன்ஜின் சோர்ந்தால் புகை காட்டிக் கொடுக்கும். நாள்தோறும் வேலை செய்கிற பாகம் நாள்தோறும் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏர்பேக் அப்படிப்பட்டதல்ல. அது வாழ்நாளில் ஒரே ஒரு முறை வேலை செய்யப் பிறந்த பொருள். மோதலின் அதிர்வை சென்சார் உணர்ந்ததும் மின்பொறி ஒன்று போய், உலோகக் குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருளைப் பற்ற வைக்கும். அது எரிந்து கிளம்பும் வாயு பையை ஊதும். இமை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்தக் குப்பியைத்தான் இன்ஃப்ளேட்டர் என்கிறார்கள். அதற்குள் இருப்பது கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வெடி. நூறு முறை பட்டணம் போய் வந்தாலும் அதன் நிலை நமக்குத் தெரியவராது. சாவியைத் திருப்பியதும் எரிந்து அணைகிற ஏர்பேக் விளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விளக்கு மின்சுற்று, சென்சார் போன்ற மின் பாகங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. குப்பிக்குள் இருக்கும் மருந்து கெட்டுப்போயிருந்தாலும் விளக்கு ஒழுங்காக அணைந்துவிடும்.

அந்த மருந்து கெட்டுப்போன கதைதான் தக்காட்டா கதை. ஜப்பானியக் கம்பெனியான தக்காட்டா, 2000-ஆம் ஆண்டையொட்டி, தன் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாகப் பயன்படுத்தத் தொடங்கியது. விலை மலிவு, குப்பியையும் சிறிதாக்கலாம். டெல்டா விவசாயிக்கு நைட்ரேட் உரமாக அறிமுகம். சென்னைக்காரர்களுக்கு 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தில் இதே பொருள் வெடித்த கையோடு, மணலியில் பல ஆண்டுகளாகக் கிடந்த சுமார் 700 டன்னை அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பியபோது அறிமுகம். அது ஈரத்தை இழுக்கும் பொருள். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்க, இறுக்கி அழுத்தப்பட்ட மருந்து வில்லைகள் ஊதிப் பொலபொலத்துப் போகின்றன. உருட்டுக் கட்டையாகப் போட்ட விறகு நின்று எரியும். அதே விறகைச் சிராயாகச் சீவிப் போட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பொலபொலத்த வில்லை அப்படித்தான் ஒரேயடியாக எரிகிறது. அழுத்தம் தாங்காமல் குப்பி வெடித்து, அதன் உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. ஈரத்தை உறிஞ்சும் பொருள் ஒன்றைக் குப்பிக்குள் சேர்த்திருந்தால் இந்தச் சிதைவைப் பெரிதும் தள்ளிப்போட்டிருக்கலாம். கோடிக்கணக்கான குப்பிகளில் அது சேர்க்கப்படவில்லை.

காரணம் என்ன என்பதில் இப்போது தகராறு இல்லை. 2016 மே மாதம் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், தனித்தனியாக நடந்த மூன்று ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து அறிவித்தது: காலம், காற்றின் ஈரம், ஏறி இறங்கும் அதிக வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து மருந்தைக் கெடுக்கின்றன. இதை வைத்துத்தான் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஃப்ளோரிடா, டெக்சஸ், லூசியானா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ போன்ற வெப்பமும் புழுக்கமும் மிகுந்த பகுதிகளை ‘ஏ’ மண்டலம் என்று முதல் வரிசையில் வைத்தார்கள். இப்போது எந்த மாநிலத்தில் ஓடினாலும், ஒரு காலத்தில் அந்த மண்டலத்தில் பதிவாகியிருந்த வண்டி என்றால் அதற்கும் முதல் வரிசைதான். லால்பேட்டை அமெரிக்க வரைபடத்தில் இருந்திருந்தால் எந்த மண்டலத்தில் விழுந்திருக்கும் என்று யோசிக்க விஞ்ஞானி வேண்டியதில்லை. இந்த ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால் செழிப்பதே காற்றில் ஈரம் நிற்பதால்தான். கொடிக்காலுக்கு வரமான காற்று தக்காட்டா குப்பிக்குச் சாபம்.

ஓடாத வண்டி புது வண்டி மாதிரி என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. லால்பேட்டையிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புத் தேடிச் சபர் போவது தலைமுறைகளாக நடப்பது. சபராளி வீட்டு வண்டி வருடத்தில் பத்து மாதம் வாசலில் நிற்கும். விடுமுறையில் வந்தால் நாலு கல்யாணத்துக்கு ஓடும். அந்த வண்டி விற்பனைக்கு வரும்போது ‘பத்து வருசத்தில் முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு’ என்பது பெரிய சிபாரிசு. இன்ஜினைப் பொறுத்தவரை நியாயமான சிபாரிசு. ஆனால் குப்பிக்குள் இருக்கும் மருந்து கிலோமீட்டரை எண்ணுவதில்லை. மழைக்காலங்களையும் கோடைகளையும் எண்ணுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பகலில் அனல் ஏறி இரவில் தணிவது, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடக்கும்.

இங்கே வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவில் மட்டும் திரும்ப அழைக்கப்பட்ட தக்காட்டா இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 6.7 கோடி. அங்கே 2024 வரை உறுதியான மரணங்கள் 28. காயமடைந்தவர்கள் குறைந்தது 400 பேர். லாரி மோதிச் சாகிறவர்களின் கணக்கோடு ஒப்பிட்டால் இது தூசு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர் முட்டாள் அல்ல. அவர் தவறுவது சராசரியை நம்புவதில்தான். வீராணம் சராசரியாக இத்தனை அடி ஆழம் என்று சொல்லிக் குழந்தையை ஏரியில் இறக்கிவிட முடியாது. ஆபத்து 6.7 கோடிக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பழைய வண்டிகளிலும் புழுக்கமான ஊர்களிலும் அது குவிந்து கிடக்கிறது. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் இருந்த ‘ஆல்ஃபா’ ரகக் குப்பிகளைச் சோதனைக்கூடத்தில் வெடிக்க வைத்தபோது சிதறும் வாய்ப்பு 50 சதவீதம் வரை போனதை 2016-இல் அதே அமெரிக்க நிர்வாகம் வெளியிட்டது. எல்லாக் குப்பியும் அப்படியல்ல. ஆனால் தன் வண்டியில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாதவர் சராசரியைக் காட்டித் தன்னைத் தேற்றிக்கொள்ள உரிமை இல்லாதவர்.

‘நம்ம பக்கம் யாருக்கும் நடக்கலையே’ என்பது இதன் உள்ளூர் வடிவம். அமெரிக்காவுக்கு வெளியே தக்காட்டா குப்பி வாங்கிய முதல் உயிர், லால்பேட்டைக்காரர்களுக்கு அந்நியமல்லாத மலேசியாவில் போனது: 2014 ஜூலை, சரவாக் மாநிலம், 2003-ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, ஓட்டிய பெண் கர்ப்பிணி. அடுத்த ஆண்டுகளில் அங்கே மேலும் பலர் இப்படி இறந்தார்கள். பிரான்சிலும் இதே கணக்குதான். அங்கே பதிவான மரணங்களில் பெரும்பாலானவை பாரீஸ் பக்கத்தில் நடக்கவில்லை. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போன்ற புழுக்கமான தீவுப் பகுதிகளில் நடந்தன; ஒரு காலத்தில் நம் கடற்கரையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் மண் அது. நம் ஊரில் நடக்கவில்லை என்கிறவர் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும்: நடந்தால் நமக்குத் தெரியவருமா? 2014-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கார் விபத்துக்குள்ளாகிப் பின்னர் இறந்த ஒரு பெண்ணின் கழுத்துக் காயங்களைப் பார்த்த காவல்துறை, யாரோ கத்தியால் குத்திவிட்டதாக நினைத்துக் கொலை விசாரணையே தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஹோண்டாவின் கடிதம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் சாலை விபத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதப்படும் விதம் நமக்குத் தெரியும்: அதிவேகம், அஜாக்கிரதை. அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு குப்பியின் குற்றம் அடங்கிப்போனால் அதைத் தோண்டி எடுப்பது யார்? பதிவாகாததை நடக்காதது என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

ரீகால் ஆன கார் மட்டமான கார் என்பதற்கு வருகிறேன். தக்காட்டாவின் குப்பியை வாங்கிப் பொருத்தியவர்களில் ஹோண்டா, டொயோட்டா, நிசான் மட்டுமல்ல, பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபெராரியும் உண்டு. கோளாறு காரில் இல்லை, வெளியிலிருந்து வந்த ஒரு பாகத்தில் இருந்தது. எந்தக் கொம்பன் கம்பெனியும் தப்பவில்லை. இந்தியாவில் ஹோண்டா மட்டும் இந்தக் குப்பிகளுக்காக 2015 செப்டம்பரில் 2,23,578 வண்டிகளையும், 2016 ஜூலையில் 1,90,578 வண்டிகளையும், 2017 ஜனவரியில் 2012-இல் தயாரான 41,580 வண்டிகளையும், 2018 ஜனவரியில் 2013-இல் தயாரான 22,834 வண்டிகளையும் திரும்ப அழைத்தது. சிட்டி, ஜாஸ், சிவிக், சி.ஆர்-வி, அக்கார்ட் என்று நம் சாலையில் தினமும் பார்க்கிற பெயர்கள்தான். டொயோட்டா 2017 ஜனவரியில் 23,157 கொரோலா ஆல்டிஸ் கார்களை அழைத்தது. இந்த எண்களைப் பார்த்து ஹோண்டா வேண்டாம் என்று முடிவெடுப்பவர், காய்ச்சலை அளந்து சொன்ன தெர்மாமீட்டரைத் தூக்கி எறிகிறவர். பயப்பட வேண்டியது அறிவிப்பைக் கண்டு அல்ல, மறைப்பைக் கண்டு. தக்காட்டா செய்தது அதுதான்: சோதனை முடிவுகளைத் திருத்தி கார்க் கம்பெனிகளிடம் காட்டியதை ஒப்புக்கொண்டு, 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்துக்கு மொத்தம் 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது, அதே ஆண்டு ஜூனில் திவாலானது. சந்தை விலை விஷயத்திலும் கணக்கு தலைகீழ். ரீகால் வேலை முடிந்ததற்கான சர்வீஸ் சென்டர் ரசீது உள்ள பழைய சிட்டிக்கும், முடிந்ததா இல்லையா என்றே தெரியாத பழைய சிட்டிக்கும் ஒரே விலை கொடுப்பதுதான் முட்டாள்தனம்.

சர்வீஸுக்கு ஆள் பிடிக்கும் தந்திரம் என்ற சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். சாதாரண ஆயில் சர்வீஸுக்குப் போனவர் கையில் பத்து உருப்படி நீட்டப்படுவதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ரீகால் வேலைக்குப் பணம் வாங்கக் கூடாது. பாகமும் கூலியும் கம்பெனியுடையது. தேவையில்லாத மற்றவற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் செய்துகொண்டு வரலாம். கடிதத்துக்காகக் காத்திருப்பதிலும் பொருளில்லை. கடிதம் போவது கம்பெனியின் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்கு. சென்னையில் முதலில் வாங்கியவரிடமிருந்து புரோக்கர் வழியாகக் கைமாறி, ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிவைத்து, பெயரே மாற்றாமல் காட்டுமன்னார்கோவிலில் ஓடும் வண்டிக்கு எந்தக் கடிதம் வரும்? மூன்றாம் கைக்காரருக்குக் கடிதம் வரவில்லை என்பது அவர் வண்டிக்கு ரீகால் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டால், அல்லது எந்த ஊர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து சொன்னால், பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒருமுறை மாற்றியவர்களும் திரும்பப் பார்த்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்கு வெளிநாடுகளில் தொடக்க ஆண்டுகளில் மாற்றிய குப்பிகளில் சில, அதே தக்காட்டா ரகத்தின் புதிய குப்பிகள். அவற்றையும் பிறகு இரண்டாவது முறை மாற்ற வேண்டிவந்தது. டிரைவர் பக்கத்துக்கு ஒரு ரீகால், பக்கத்து இருக்கைக்குத் தனியாக ஒரு ரீகால் என்றும் வந்திருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு எதிர்த் திசையில் ஓடுகிறவர்களும் உண்டு: இந்தச் சனியனே வேண்டாம், ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று. அதுவும் தவறு. 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் முன்பக்க ஏர்பேக்குகள் காப்பாற்றிய உயிர்கள் 50,000-க்கும் மேல் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. மாற்றுக் குப்பி கிடைக்காத நாட்களில் டொயோட்டா பக்கத்து இருக்கையின் ஏர்பேக்கைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து, அங்கே யாரும் உட்கார வேண்டாம் என்று எச்சரிக்கை ஒட்டியது உண்மை. அது கம்பெனி ஆட்கள் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. தெருமுனை மெக்கானிக் ஸ்டீயரிங்கைக் கழற்றி அதைச் செய்வது வேறு விஷயம், அவர் கையிலேயே வெடிக்கக்கூடிய விஷயம். புதுப்பேட்டையிலிருந்தோ ஆன்லைனிலோ மலிவாக ஒன்றை வாங்கிப் பொருத்துவது அதைவிட மோசம். பழைய வண்டியிலிருந்து கழற்றியது என்றால் அதுவே ரீகால் ஆன குப்பியாக இருக்கலாம். போலிக் குப்பிகள் வெடித்து உயிர் போனதாக அமெரிக்க நிர்வாகமே 2024-இல் எச்சரித்தது. ரீகால் பாக்கியுள்ள வண்டியை சர்வீஸ் சென்டர் தேதி கொடுக்கும்வரை அவசியத்துக்கு மட்டும் எடுப்பது, பாக்கி பக்கத்து இருக்கை ஏர்பேக்குக்கு என்றால் அந்த இருக்கையைக் காலியாக விடுவது, பெல்ட்டை எப்போதும் போடுவது: செய்யக்கூடியது இவ்வளவுதான்.

உரிமையாளர்களை மட்டுமே இத்தனை நேரம் குறை சொன்னேன். அரசும் ‘நல்லா ஓடுதே’ கட்சியில்தான் இருக்கிறது. வாகனம் தயாரிப்போர் சங்கமான சியாம் 2012-இல் தானாக முன்வந்து செய்யும் ரீகாலுக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. மேலே சொன்ன இந்திய அழைப்புகள் எல்லாம் சட்டத்தின் கட்டாயம் இல்லாமல் கம்பெனிகள் தாமாக விடுத்தவை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான் முதல்முறையாக ரீகாலுக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. நல்லது. ஆனால் 2021 ஏப்ரல் முதல் அமலான விதிகள், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாயம் என்கின்றன. கார் உதிரிபாகங்கள் தேய்வது இயல்பு, அதற்குக் கம்பெனியைக் காலமெல்லாம் பொறுப்பாக்க முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கிளட்ச் பிளேட்டுக்கு அது நியாயம். வயது ஏற ஏற வெடிக்கும் வாய்ப்பு ஏறுகிற பொருளுக்கு ஏழு வயதில் கதவை மூடுவது, மழை தொடங்கும் நாளில் குடையைப் பிடுங்குவது போல. 2012, 2013 மாடல்கள் இன்று அந்தக் கதவுக்கு வெளியே நிற்கின்றன. சென்னையில் முதல் கை ஓட்டி முடித்த பிறகு சிற்றூர்களுக்கு வந்து சேர்வதும் இந்த வயது வண்டிகள்தான்.

கட்டாயப்படுத்தினால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியா பதில் சொல்கிறது. அங்கேயும் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டபோது வேலை இழுத்துக்கொண்டே போனது. 2017-இல் சிட்னியில் ஒருவர் இறந்தார். 2018 மார்ச்சில் அரசு கட்டாய ரீகால் ஆணையிட்டது. சுமார் 30 லட்சம் வண்டிகளில் 40 லட்சம் ஏர்பேக்குகள். 2020 இறுதிக்குள் ஏறத்தாழ அத்தனைக்கும் கணக்குத் தீர்ந்தது. வேலையை முடித்ததில் பதிவு அலுவலகங்களுக்கும் பங்கு உண்டு: மாற்றாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். நமக்கும் அந்தப் பிடி இருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு. 2012-இல் தயாரான சிட்டிகள் 2027-இல் பதிவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும். அன்று ஆய்வாளர் பிரேக்கைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார், பானெட்டைத் திறந்து சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கச் சொல்வார். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கம்பெனி இணையதளம் கேட்பதும் அதே 17 எழுத்துதான்.